ஊரடங்கில் மளிகைக்கு எத்தனை நாளுக்கு ஒரு முறை? சூப்பர் மார்க்கெட், தெருமுனைக் கடை, ஹோம் டெலிவரி, பிக்கப்: எது எதற்கு உதவும்

பத்து நாளுக்கு ஒரு முறை. நான்கு பேர் உள்ள வீடு, நடுத்தர அளவு ஃபிரிட்ஜ், எட்டும் தூரத்தில் கடை என்றால், பெருந்தொற்று ஊரடங்கில் காய்கறி, பழம், முட்டை வாங்க வெளியே போவதற்கு இதுதான் சரியான இடைவெளி. அரிசி, மாவு, பருப்பு, எண்ணெய், சோப்பு வகையறாவை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அவை மாதத்துக்கு ஒரு முறை, வேறு வழியாக வீட்டுக்கு வந்து சேர வேண்டும். இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்கப் பார்க்கும் வீடுகளில்தான் நான்காம் நாளே ஏதோ ஒன்று தீர்ந்து, மறுபடி கடைக்கு ஓட வேண்டியிருக்கிறது.

எத்தனை நாளுக்கு ஒரு முறை என்ற கேள்வியை எந்தக் கடை, எந்தச் சேவை என்ற கேள்வியிலிருந்து பிரிக்க முடியாது. சூப்பர் மார்க்கெட்டை மட்டும் நம்பும் வீட்டுக்கும், லிஸ்ட் கொடுத்தால் கட்டி வைக்கும் கடை பக்கத்தில் இருக்கும் வீட்டுக்கும் ஒரே பதில் பொருந்தாது. அதனால் நான்கு வழிகளையும் இந்த ஒரே அளவுகோலால் பார்க்கலாம்: வீட்டை விட்டு வெளியே போகும் தேவையை இது குறைக்கிறதா, கூட்டுகிறதா?

14 நாள் என்ற எண்

"இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போனால் போதும்" என்ற அறிவுரை 2020-ல், கொரோனா பரவியபோது, எங்கும் கேட்டது. நோய்த்தொடர்பு உள்ளவர்களைத் தனிமைப்படுத்த வைத்த 14 நாளின் நிழல் அது. தொற்று உடலுக்குள் போய் அறிகுறி வெளியே தெரிய எவ்வளவு நாள் ஆகும் என்று அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே கணக்கிட்டார்கள். அப்போது பரவிய வகைக்கு, அறிகுறி வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது சுமார் 5 நாளில் வந்தது, 97.5 சதவீதம் பேருக்கு 11.5 நாளுக்குள் வந்துவிட்டது. பின்னால் வந்த ஒமைக்ரான் வகைக்கு இது ஏறத்தாழ 3 நாளாகச் சுருங்கியது.

போன முறை கடையில் தொற்றிக்கொண்டிருந்தால், அடுத்த பத்துப் பன்னிரண்டு நாள் வீட்டில் இருக்கும்போதே பெரும்பாலும் காய்ச்சலோ இருமலோ காட்டிக்கொடுத்துவிடும். அடுத்த பயணம் அதோடு நின்றுவிடும். மூன்று நாளுக்கு ஒரு முறை போகிறவரோ அறிகுறி தெரிவதற்கு முந்தைய இரண்டொரு நாளில், அதாவது அவரிடமிருந்து பிறருக்குப் பரவக்கூடிய நேரத்தில், கடைக்குள் நிற்கக்கூடும். அந்தக் கடையில் பில் போடும் பெண் காலையிலிருந்து இரவு வரை அதே கவுண்டரில் வருகிற அத்தனை பேரையும் எதிர்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நாம் இடைவெளி விடுவதன் முதல் பலன் அவருக்குத்தான் போகிறது, போக வேண்டும். அறிகுறியே காட்டாத தொற்றை எந்த இடைவெளியும் பிடிக்காது. அதற்கு முகக்கவசம் வேண்டும்; கடைக்குள் நிற்கும் நிமிடங்களைக் குறைக்க வேண்டும்.

நிமிடக் கணக்கு முக்கியம். ஒவ்வொரு பயணத்திலும் வாசல் வரிசை, தள்ளுவண்டி எடுப்பது, பில் வரிசை என்று குறையாத ஒரு நேரம் உண்டு. மூன்று பொருள் வாங்கினாலும் முப்பது பொருள் வாங்கினாலும் அது ஏறத்தாழ ஒன்றுதான். பயணங்களைச் சேர்த்தால் மிச்சமாவது அந்த நேரம். ஆனால் கூட்டமான சனிக்கிழமை மாலையில் ஒன்றரை மணி நேரம் சுற்றும் ஒரு பயணத்தைவிட, ஆளில்லாத செவ்வாய் மதியத்தில் இருபது நிமிடத்தில் முடியும் இரண்டு பயணம் மேல்.

ஏன் 14 ஆகாமல் 10

தடை ஃபிரிட்ஜும் தோளும்தான். ஒருவர் ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் சாப்பிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. உருளைக்கிழங்கு போன்ற மாவுக் கிழங்குகள் இதில் சேராது. நான்கு பேருக்கு 14 நாளுக்கு 22.4 கிலோ. நடுத்தர ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் இதில் பாதிகூடக் கொள்ளாது. மீதியை மேல் தட்டுகளில் திணித்தால் குளிர்காற்று சுற்ற வழியில்லாமல் உள்ளே வெப்பம் 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறும். பத்தாம் நாள் தாங்க வேண்டியது ஆறாம் நாளே வாடும். 10 நாளுக்கு 16 கிலோ. அதில் முழுப் பூசணி, வாழைப்பழம் போன்றவை வெளியே இருந்துகொள்ளும். உள்ளே போவது 10, 11 கிலோ. அது கொள்ளும்.

சுமக்கும் எடையும் அப்படித்தான். ஒரு ஆள் இரண்டு கட்டைப்பையில், பைக்கு எட்டுக் கிலோ வீதம் தூக்கலாம். இதோடு நாளுக்கு ஒரு லிட்டர் பாலும் சேர்த்தால் 26 கிலோவைத் தாண்டுகிறது. ஒரு ஆளால் முடியாது. ஆகவே பாலை மாதக் கணக்குக்குத் தள்ளுங்கள். உயர்வெப்பத்தில் பதப்படுத்தி அட்டைப்பெட்டியில் அடைத்த பால், பிரிக்காத வரை ஃபிரிட்ஜ் இல்லாமலே மாதக் கணக்கில் இருக்கும். பிரித்தபின் சாதாரணப் பாலைப் போலத்தான்: ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நான்கு நாளில் முடித்துவிட வேண்டும். ருசி பிடிக்காதவர்கள் காபி, டீக்கு இதையும், அப்படியே குடிக்க முதல் நாலைந்து நாளுக்குச் சாதாரணப் பாலையும் வைத்துக்கொள்ளலாம்.

சூப்பர் மார்க்கெட்

எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைப்பதுதான் இதன் பலம். காய்கறிக்கு ஒரு கடை, முட்டைக்கு ஒரு கடை, சோப்புக்கு ஒரு கடை என்று மூன்று வாசல் ஏறி இறங்குவதைவிட ஒரு வாசல் நல்லது. பழத்தையும் காயையும் பார்த்து எடுக்கலாம் என்பது அதைவிடப் பெரிய பலம். பத்து நாள் தாங்க வேண்டிய சரக்கில் இது சின்ன விஷயமில்லை. காம்புப் பக்கம் கருத்த ஒரு தக்காளி மூன்று நாளில் மற்றவற்றையும் கெடுத்துவிடும்.

பலவீனம், இது மூடிய, ஏசி போட்ட இடம். நாமே தேடி எடுக்க வேண்டும் என்பதால் நேரம் இழுக்கும். பொருள் கண்ணில் பட்டு ஆசை வர வேண்டும் என்ற கணக்கில்தான் அலமாரிகளை அடுக்குகிறார்கள். பாலும் முட்டையும் பெரும்பாலும் கடைசி மூலையில் இருக்கும். இதற்கு ஒரே மருந்து லிஸ்ட். அதையும் நினைவுக்கு வந்த வரிசையில் எழுதக் கூடாது. கடையின் வரிசையில் எழுத வேண்டும். கனமானவை, அட்டைப்பெட்டிகள் முதலில், காய்கறி அடுத்து, குளிர்பெட்டிப் பொருள்கள் கடைசியில், அதன் பிறகு நேராக பில். ஒருமுறை கடந்த பாதைக்குத் திரும்பி வராதபடி லிஸ்ட் இருந்தால் நாற்பது பொருளுக்கு அரை மணி நேரம் தாராளம். ஒரு வீட்டிலிருந்து ஒரே ஆள் போனால் போதும். "வேறு என்ன வேணும்" என்று நடுவில் நின்று வீட்டுக்குப் போன் செய்வதுதான் நேரத்தைத் தின்கிறது. லிஸ்டிலேயே ஒவ்வொன்றுக்கும் எதிரே மாற்று எது, இல்லாவிட்டால் விட்டுவிடலாமா என்று எழுதி வையுங்கள்.

கடை திறந்ததும் போனால் கூட்டம் இருக்காது என்பது சாதாரண நாளின் அறிவு. ஊரடங்கில் சரக்குத் தீர்ந்துவிடும் என்ற பயத்தில் திறக்குமுன்பே வரிசை நிற்கும். தளர்வு நேரம் குறைவாக இருந்தால் முதல் மணியும் கடைசி மணியும்தான் நெரிசல். முழு அடைப்புக்கு முந்தைய நாள், புதிய கட்டுப்பாடு அறிவித்த அன்று, சம்பளம் வந்த முதல் வாரக் கடைசி: இந்த மூன்றையும் தவிருங்கள். முதியவர்களுக்கும் உடல்நலம் குன்றியவர்களுக்கும் சில கடைகள் தனி நேரம் ஒதுக்கின. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் அவரை அனுப்பலாம் என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் தனியாக வாழ்ந்து, வேறு வழியே இல்லாதபோது பயன்படுவது அது.

காய்கறி லாரி எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வருகிறது என்று ஊழியரிடம் ஒரு வார்த்தை கேட்டு வைப்பது நல்லது. சரக்கு வந்த அன்று மதியம் வாங்கிய கீரைக்கும், இரண்டு நாள் அங்கேயே தண்ணீர் தெளிபட்டுக் கிடந்த கீரைக்கும் வீட்டில் இரண்டு மூன்று நாள் ஆயுள் வித்தியாசம் இருக்கும்.

பத்து நாள் காய்கறிக்கு: ஏற்கலாம், நேரம் பார்த்துப் போனால். மாதச் சரக்குக்கு: வேண்டாம்.

தெருமுனை மளிகைக்கடை

கவுண்டருக்கு அந்தப்பக்கம் கடைக்காரர் நின்று எடுத்துக் கொடுக்கும் பழைய முறைக் கடை, ஊரடங்குக்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. வாடிக்கையாளர் உள்ளே போவதில்லை. அலமாரியைத் தொடுவதில்லை. முந்தின நாள் இரவு வாட்ஸ்அப்பில் லிஸ்ட் அனுப்பி, காலையில் கட்டி வைத்ததை எடுத்துக்கொண்டால் வாசலில் நிற்பது ஐந்து நிமிடம். உலர்ந்த மளிகைக்கு இந்த நான்கில் இதுவே முதலிடம் என்பதில் சந்தேகமில்லை. பெரிய கடைகளில் ஆளுக்கு இரண்டு பாக்கெட்தான் என்று கட்டுப்பாடு வரும்போதும், வழக்கமாக வாங்கும் வீட்டின் மாதத் தேவை கடைக்காரருக்குத் தெரியும்; எடுத்து வைத்திருப்பார்.

தவறு நடப்பது லிஸ்டில். "எண்ணெய் 2" என்றால் இரண்டு லிட்டரா, இரண்டு பாக்கெட்டா, எந்த எண்ணெய்? "சோப்பு 4" என்றால் குளிக்கவா, துவைக்கவா? அவர் ஊகித்துக் கட்டியதைத் திருப்பிக் கொடுக்க இன்னொரு நடை. பொருள், வகை, அளவு, எண்ணிக்கை, மாற்று என ஐந்தும் ஒரே வரியில் இருக்கட்டும். படமெடுத்து அனுப்பும் கையெழுத்து வேண்டாம். தட்டச்சு செய்தால் அவர் ஒவ்வொன்றாக டிக் செய்ய வசதி.

வாங்கியதும் வாசலிலேயே பார்க்க வேண்டியவை இரண்டு: பாக்கெட்டில் அச்சிட்ட தேதி, மாவின் மணம். சின்னக் கடையில் மெதுவாக நகரும் பொருள் பழசாகியிருக்க வாய்ப்பு உண்டு. மக்கு வாடை அடிக்கும் மாவில் சீக்கிரம் வண்டு வரலாம். நல்ல மாவையும் வாங்கியதும் ஃப்ரீசரில் நான்கு நாள் வைத்து எடுத்தால் உள்ளே இருக்கும் பூச்சி முட்டை செத்துவிடும். ஆனால் எடுத்தவுடன் பாக்கெட்டைப் பிரிக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வந்தபின் டப்பாவில் மாற்றுங்கள். இல்லாவிட்டால் காற்றின் ஈரம் மாவில் படிந்து கட்டியாகி, பூஞ்சைக்கு வழிவிடும்.

காய்கறியைப் பொறுத்தவரை இந்தக் கடைகள் இரண்டாம் தரம்தான். வெங்காயம், உருளைக்கிழங்கு, பூண்டு வாங்கலாம். மற்றதை வேறிடத்தில் பாருங்கள்.

ஹோம் டெலிவரி

வெளியே போகவே வேண்டாம் என்பதால் இதுதான் சிறந்தது என்று தோன்றும். பாதி உண்மை. இதில் பயணம் ஒழிவதில்லை, இன்னொருவர் தோளுக்கு மாறுகிறது. அவர் ஒரே சுற்றில் பல வீட்டுக்கும் கொண்டு போவதால் மொத்தத்தில் தெருவில் நடமாட்டம் குறையும் என்பது உண்மையான லாபம். தனிமையில் இருப்பவர், நோயாளி, முதியவர், கைக்குழந்தைக்காரர் ஆகியோருக்கு டெலிவரி ஸ்லாட்டுகள், அதாவது ஆப்பில் முன்பதிவு செய்யும் டெலிவரி நேரங்கள், முதலில் போக வேண்டும். நடமாட முடிந்தவர்கள் எல்லாரும் வாரம் இரண்டு ஸ்லாட் பிடித்தால் அவர்களுக்குக் கிடைக்காது.

சேவையின் குறை எல்லாம் ஓரிடத்திலிருந்து பிறக்கிறது. ஆப்பில் "இருப்பு உண்டு" என்று காட்டுவது அலமாரியைப் பார்த்துச் சொல்வதில்லை. வந்த சரக்கிலிருந்து பில் போட்டதைக் கழித்துக் கணினி சொல்வது. கடையிலிருந்தே எடுத்து அனுப்பும் சேவையில், இன்னொருவர் தள்ளுவண்டிக்குள் கிடக்கும் பொருளும், உடைந்து போனதும், தவறான அலமாரியில் சொருகியதும் கணினிக்கு இருப்புதான். நீங்கள் கார்ட்டில் போட்டாலும் பெரும்பாலான சேவைகளில் அது உங்களுக்கென்று ஒதுக்கப்படுவதில்லை. எடுக்க ஆள் போகும்போது இருந்தால்தான் கிடைக்கும். சாதாரண நாளில் இந்த இடைவெளி சின்னது. எல்லாரும் பதறி வாங்கும் வாரத்தில் முப்பது பொருள் கேட்டால் இருபது வரும். விடுபட்ட பத்தில் முட்டையும் வெங்காயமும் இருந்தால் மறுநாள் கடைக்குப் போகத்தான் வேண்டும். வெளியே போகாமலிருக்கக் கட்டிய டெலிவரிக் கட்டணம் அங்கே வீண்.

இதற்காகத்தான் டெலிவரியை உலர்சரக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்வது. ஒரு வாரம் தாமதமானாலும் அரிசி டப்பா காலியாகாத நிலையில் ஆர்டர் போட்டால், ஸ்லாட் எப்போது கிடைத்தாலும் கவலையில்லை. விடுபட்டதை அடுத்த ஆர்டரில் சேர்த்துக்கொள்ளலாம். எடையும் இதற்கே பொருந்துகிறது. ஆளுக்கு நாளொன்றுக்கு 300 கிராம் தானியம் என்றால் நான்கு பேருக்கு மாதம் 36 கிலோ. பருப்பு, பயறு ஆளுக்கு 60 கிராம் வீதம் 7.2 கிலோ. எண்ணெய் 25 மில்லி வீதம் 3 லிட்டர். இதைக் கையில் தூக்கி வர யாராலும் ஆகாது. உப்பு ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பதே பரிந்துரை. மாதம் 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் ஒன்று போதும். பதற்றத்தில் உப்பு ஐந்து பாக்கெட் வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆர்டர் போடும்போது "மாற்றுப் பொருள் அனுப்பலாம்" என்ற அனுமதியைப் பொருளுக்குப் பொருள் தனித்தனியாகத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வாமை உள்ளவர் வீட்டில் இதைக் கட்டாயம் அணைத்து வைக்க வேண்டும். வந்ததும் முதலில் குளிர்ப் பொருள்களை எடுத்து உள்ளே வையுங்கள். இறைச்சி, மீன், பால் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரிக்கு மேல் என்றால் ஒரு மணி நேரம்தான். வண்டியில் எவ்வளவு நேரம் கிடந்தது என்று நமக்குத் தெரியாததால், குளிர்ப்பையில் வைத்துக் கொண்டுவராத சேவையில் இவற்றை ஆர்டர் செய்யவே வேண்டாம். பில்லில் இருப்பதையும் பையில் இருப்பதையும் அன்றே சரிபார்த்து, குறைந்ததைப் படமெடுத்துப் புகார் செய்யுங்கள். மறுநாளுக்குத் தள்ளினால் பல ஆப்களில் புகார் பொத்தானே மறைந்துவிடும்.

பிக்கப்

ஆர்டரும் பணமும் ஆப்பில். பையை மட்டும் நாம் போய்க் கடை வாசலில் எடுத்துக்கொள்வது. டெலிவரி ஸ்லாட் தீர்ந்திருக்கும் நாளிலும் பிக்கப் ஸ்லாட் கிடைக்கும், ஏனென்றால் வண்டியும் ஓட்டுநரும் தேவைப்படுவதில்லை. கட்டணம் குறைவு, சில இடங்களில் இல்லவே இல்லை. உள்ளே போக வேண்டாம், குளிர்ப் பொருளைக் குளிர் குறையாமல் வீடு சேர்ப்பதும் உங்கள் கையில். காய்கறியின் தரத்தை அங்கேயே பார்த்து, அழுகியதைத் திருப்பலாம். பத்து நாள் காய்கறிப் பயணத்துக்கு இதைத்தான் முதலில் பரிந்துரைக்க வேண்டும். ஒரே எச்சரிக்கை: சொன்ன நேரத்துக்கு முன்னதாகப் போய் நின்றால் வாசலில் இன்னொரு கூட்டம் உருவாகும். தயார் என்று குறுஞ்செய்தி வந்தபின் கிளம்புங்கள்.

திறந்தவெளியில் நிற்கும் காய்கறி வண்டி வீட்டு வழியே வந்தால் அதையும் விடாதீர்கள். காற்றோட்டமான இடம், ஓரிருவர்தான் நிற்பார்கள். கீரையை வேண்டிய அன்று இங்கே வாங்கினால் பத்து நாள் லிஸ்டிலிருந்து மிகச் சீக்கிரம் கெடும் பொருள் போய்விடும்.

பத்து நாள் தாங்க வைப்பது

எந்தச் சேவையில் வாங்கினாலும், அடுத்த பயணத் தேதியைத் தீர்மானிப்பது வீட்டில் முதலில் தீரும் அல்லது கெடும் பொருள். கெடுவதைத் தடுக்க, வாங்கும்போதே மூன்று அடுக்காக வாங்க வேண்டும். முதல் மூன்று நாளுக்குக் கீரை, காளான், கனிந்த பழம். நான்கு முதல் ஆறு வரை பீன்ஸ், வெள்ளரி, காலிஃபிளவர், தக்காளி. ஏழு முதல் பத்து வரை முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், பூசணி. எல்லாவற்றையும் முதல் நாளே கொஞ்சம் கொஞ்சம் சமைக்கத் தொடங்கினால் எட்டாம் நாள் கையில் வாடிய பீன்ஸும் தீர்ந்த கேரட்டும்தான் இருக்கும்.

கீரைக்கட்டு வீட்டுக்கு வந்ததும் முதலில் அதைக் கட்டியிருக்கும் ரப்பர் பேண்டையோ நாரையோ அவிழ்த்துவிடுங்கள். கட்டு இறுகிய இடத்தில் தண்டு நசுங்கி, நீர் விட்டு, அங்கிருந்துதான் அழுகல் தொடங்கும். கருத்த இலை, வழுவழுத்த இலை ஒன்று விடாமல் பொறுக்குங்கள். கழுவ வேண்டாம், சமைக்கும்போது கழுவினால் போதும். வேரை வெட்டி, உலர்ந்த பருத்தித் துணியில் தளர்வாகச் சுருட்டி, மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். இரண்டாம் நாள் திறந்தால் துணி ஈரமாக இருக்கும். துணியை மாற்றினால் நாலைந்து நாள் வரும், மாற்றாவிட்டால் அந்த ஈரத்திலேயே அழுகும்.

ஆப்பிள், வாழை, கனிந்த தக்காளி ஆகியவை காய்கனியைப் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயுவை விடும். பக்கத்தில் இருக்கும் கீரை, வெள்ளரி, காலிஃபிளவர் அதில் சீக்கிரம் மஞ்சளிக்கும். இவற்றைப் பிரித்து வையுங்கள். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாதீர்கள், இரண்டுமே சீக்கிரம் கெடும். உருளை இருட்டில், காற்றோட்டத்தில் இருக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் பச்சை பிடிக்கும். அந்தப் பகுதியில் நச்சுப் பொருள் கூடும், ஆழமாக வெட்டி எறிய வேண்டும். முழுதும் பச்சையானால் மொத்தமாகவே எறிந்துவிடுங்கள். வாழைப்பழத்தில் பாதி பழுத்ததும் பாதி காயுமாக வாங்கினால் வாரம் முழுதும் வரும்.

ஃப்ரீசர் இருந்தால் பீன்ஸ் கிலோ கணக்கில் வாங்கலாம். நறுக்கி, கொதிக்கும் நீரில் 3 நிமிடம் போட்டு, உடனே ஐஸ் தண்ணீரில் அதே 3 நிமிடம் ஆறவிட்டு, துணியில் ஈரம் போக ஒற்றி, தட்டில் பரப்பி உறையவைத்தபின் பையில் அடையுங்கள். கொதிநீரில் போடாமல் வைத்தால் காயில் உள்ள நொதிகள் குளிரிலும் மெல்ல வேலை செய்து நிறத்தையும் ருசியையும் கெடுக்கும். ஈரம் போக்காமல் வைத்தால் எல்லாம் ஒரே பாறையாகிவிடும், சுத்தியல்தான் தேவைப்படும். பச்சைக் கோழியும் மீனும் ஃபிரிட்ஜில் ஒன்றிரண்டு நாள்தான். வாங்கிய அன்றே ஒரு வேளைக்கு வேண்டிய அளவில் பிரித்து மைனஸ் 18 டிகிரியில் உறையவையுங்கள். முட்டை ஃபிரிட்ஜில் மூன்று வாரம் தாராளமாக இருக்கும். அதைக் கதவில் வைக்காமல் உள் தட்டில் வையுங்கள். கதவு திறந்து மூடும்போது வெப்பம் ஏறி இறங்கும் இடம் அது.

கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் வையுங்கள். ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் தாங்கும். நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிரம்பியது 24 மணி நேரம்.

தீர்ந்துபோவதைத் தடுக்க ஒரே வழக்கம் போதும்: ஒவ்வொன்றிலும் இரண்டாவது பாக்கெட்டைப் பிரிக்கும் அன்றே அடுத்த லிஸ்டில் எழுதிவிடுவது. அவசரப் பயணத்துக்கு இழுப்பது பெரும்பாலும் சாப்பாட்டுச் சாமானே இல்லை. ரத்த அழுத்த மாத்திரை, நாப்கின், குழந்தையின் பால்பவுடர், கேஸ் சிலிண்டர், போன் ரீசார்ஜ் என்று மளிகை லிஸ்டில் யாரும் எழுதாதவைதான். தொடர்ந்து சாப்பிடும் மருந்து 30 நாளுக்குக் கையில் இருக்கட்டும்.

பாக்கெட்டுகளைக் கழுவ வேண்டுமா?

வேண்டாம். 2020 மார்ச்சில் வந்த ஆய்வக முடிவில் பிளாஸ்டிக்கில் 72 மணி நேரம் வரையும் அட்டையில் 24 மணி நேரம் வரையும் வைரஸ் உயிர்ப்போடு இருந்தது என்றதும் உலகமே பாக்கெட்டுகளைத் துடைக்கத் தொடங்கியது. அது ஆய்வகச் சூழல். 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், தொற்றுள்ள பரப்பு ஒன்றை ஒருமுறை தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்றது. எல்லாவற்றையும் அடுக்கி முடித்தபின் சோப்பு போட்டு 20 விநாடி கை கழுவுங்கள், அதுவே போதும். காய்கறியைச் சோப்பிலோ பிளீச்சிலோ கழுவாதீர்கள். தோலில் தங்கும் சோப்பு வயிற்றுக்குப் போய் வாந்தியும் பேதியும் தரலாம். பிளீச் அதைவிட ஆபத்து. ஓடும் தண்ணீர் போதும்.

வாரத்திலிருந்து பத்து நாளுக்கு மாறுவது எப்படி

ஒரே நாளில் மாறக் கூடாது. கடை வழக்கமான வாரத்துக்குத்தான் சரக்கு எடுக்கிறது. எல்லா வீடும் ஒரே வாரத்தில் இரண்டு வாரச் சரக்கை அள்ளினால், யாரும் பதுக்காவிட்டாலும் அலமாரி காலியாகும். 2020 மார்ச்சில் பல நாடுகளில் டாய்லெட் பேப்பர் காணாமல் போனதில் இதற்கும் பங்கு உண்டு. அலுவலகமும் பள்ளியும் மூடியதால் வீட்டு உபயோகம் நிஜமாகவே கூடியிருந்தது. அதன் மேல் ஆளுக்கு ஒரு பொதி கூடுதல். ஒவ்வொரு பயணத்திலும் கெடாத பொருளில் வழக்கத்தைவிடக் கால் பங்கு கூடுதலாக வாங்குங்கள். மூன்று பயணத்தில் வீட்டில் போதிய இருப்பு சேர்ந்துவிடும், கடைக்கும் உறைக்காது.

ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கும், அன்றன்றைய கூலியில் வாங்கும் வீட்டுக்கும் பத்து நாள் கணக்கு பொருந்தாது. அவர்கள் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை போகத்தான் வேண்டும். தெருமுனைக் கடையும் திறந்தவெளி வண்டியும் அவர்களுக்கு ஏற்றவை. பக்கத்து வீடுகளோடு சேர்ந்துகொண்டால் இதிலும் குறைக்கலாம். மூன்று வீட்டுக்கு முறை வைத்து ஒருவர் போனால், மூன்று நாளுக்கு ஒரு முறை கடைக்குப் போனாலும் ஒரு வீட்டின் முறை ஒன்பது நாளுக்கு ஒரு தடவைதான் வரும். வீட்டுக்கு ஒரு நிறப் பை, தனித்தனி லிஸ்ட், தனித்தனி பில். ஒரே பில்லாகப் போட்டுப் பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று விட்டால் இரண்டாம் முறையே மனக்கசப்பு வரும், ஏற்பாடு கலையும். பையை வாசலில் வைத்துவிட்டு மணி அடித்தால் போதும், உள்ளே போய் உட்கார வேண்டாம். பணத்தைப் போனிலேயே அனுப்பிக்கொள்ளலாம். முறைக்குரியவருக்கு லேசான தொண்டைக் கரகரப்பு இருந்தாலும், அடுத்த வீட்டுக்காரர் கேள்வி கேட்காமல் அன்றைய முறையை எடுத்துக்கொள்வது என்று முதலிலேயே பேசி வைத்துவிடுங்கள்.